திடீர்ச் சிறுநீரக ஊறு: வரைவிலக்கணத்தின் வரலாறும் நோய்நிர்ணயத்தின் எல்லைகளும்

ஒரு நோய்க்குப் பெயரிடுதல் வேறு. அந்நோயை வரையறுத்தல் வேறு. பெயர் எத்துணைப் பழமையானதாயினும், எந்நிலையிலுள்ளோரை அந்நோயாளர் எனக் கொள்ளுதல் வேண்டும் என்னும் எல்லை வகுக்கப்படும்வரை, இரு மருத்துவர் ஒரே நோயைப் பற்றித்தான் பேசுகின்றனரா என்பதை உறுதிசெய்தல் இயலாது. எல்லை வகுக்கப்படாத நோயை எண்ணிக் கணக்கிட இயலாது. ஒரு வைத்தியசாலையின் அனுபவத்தை இன்னொன்றின் அனுபவத்தோடு ஒப்பிட இயலாது. சிகிச்சை பயன் தந்ததா என்பதையும் தீர்மானிக்க இயலாது.

வைத்தியசாலைகளிற் பிற நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டோரிடத்துச் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சிறுநீரகங்களின் தொழில் வீழ்ச்சியுறுவதை இன்று ‘திடீர்ச் சிறுநீரக ஊறு’ என வழங்குகின்றோம். மாரடைப்புக்கு நெஞ்சுவலி உண்டு. எலும்பு முறிவுக்கு வேதனை உண்டு. சிறுநீரகம் ஊறுபடும்போதோ பெரும்பாலும் வலியில்லை, நோயாளி முறையிடுவதுமில்லை. ஆதலின் இந்நோயை அறிவதற்கு மருத்துவருக்கு இரு சான்றுகளே நெடுங்காலமாகத் துணைநின்றுள்ளன: வெளியேறும் சிறுநீரின் அளவு ஒன்று, குருதியிற் தேங்கும் கழிவுப் பொருளின் அளவு மற்றொன்று. இவ்விரு சான்றுகளும் எவ்வாறு கண்டறியப்பட்டன, அவை எவ்வாறு ஒரு வரைவிலக்கணமாக உருப்பெற்றன, அவ்வரைவிலக்கணம் எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதற் சான்று: சிறுநீர்

சிறுநீர் எங்கே உண்டாகின்றது என்பதே பண்டைக்காலத்தில் விவாதத்துக்குரியதாயிருந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரான கலென், உயிருள்ள விலங்குகளிற் சிறுநீரகங்களையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய்களைக் கட்டிப் பார்த்தார். கட்டுக்கு மேலுள்ள பகுதி வீங்கியது, சிறுநீர்ப்பை வெறுமையாயிருந்தது. சிறுநீரை உண்டாக்குவது சிறுநீரகமே, சிறுநீர்ப்பை அதனைச் சேமிக்கும் கலமே என்பது இதனால் நிறுவப்பட்டது. இச்சோதனை உடற்றொழிலியல் வரலாற்றிற் புகழ்பெற்றது. நோய்நிர்ணய நோக்கிலும் அதன் பயன் பெரிது. சிறுநீர் கழியாத ஒருவரிடத்து, உண்டான நீர் வெளியேறாமல் அடைபட்டுள்ளதா, அன்றி நீரே உண்டாகவில்லையா என்று வினவும் வழியை அது திறந்துவிட்டது. இன்றும் சிறுநீர் குறைந்த நோயாளியிடத்து மருத்துவர் முதலில் எழுப்பவேண்டிய வினா இதுவே. அடைப்பாயின் அதனை நீக்குதல் கூடும். காலந் தாழ்த்தினால் நீக்கியும் பயன் குறைவு.

ஆங்கில மருத்துவரான வில்லியம் ஹெபடென் எழுதி, அவர் மறைந்தபின் 1802 இல் வெளிவந்த மருத்துவக் குறிப்புகளிற் சிறுநீரே உண்டாகாத நிலை, நீர் அடைபட்ட நிலையினின்று வேறுபடுத்தப்பட்டுத் தனிப்பெயர் பெற்றது. திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பின் தெளிவான முற்கால விவரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் இதனைக் கொள்வர். எனினும் அது நோய்க்குறியை விவரித்ததேயன்றி, உடலினுள் நிகழ்ந்ததைக் காட்டவில்லை.

இரண்டாம் சான்று: குருதி

குருதியின் பக்கமிருந்து இந்நோயை நோக்கும் வழியை வேதியியலே அமைத்துத் தந்தது. 1821 இல் ஜெனீவாவிற் பிரெவோ, டூமா என்னும் இருவர், சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட விலங்குகளின் குருதியில் யூரியா பெருகுதலைக் கண்டனர். யூரியா சிறுநீரகத்தில் ஆக்கப்படுவதன்று, வேறிடத்தில் உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படுவதே என்பது இதனாற் புலப்பட்டது. சிறுநீரகத்தின் தொழிற்குறைவைக் குருதியிலிருந்து அறியலாம் என்னும் கருத்தின் வித்து இதுவேயாகும்.

இலண்டனிலுள்ள கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சட் பிறைற் 1827 இல் வெளியிட்ட நூல், உடல் வீக்கம், வெப்பமேற்றும்போது உறையும் புரதங்கலந்த சிறுநீர், இறந்தபின் காணப்படும் சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயின் கூறுகளாக இணைத்தது. இத்தகைய நோயாளரது குருதியில் யூரியா மிகுந்திருத்தலை ஜோன் பொஸ்ரொக், றொபேட் கிறிஸ்ரிசன் ஆகியோர் காட்டினர். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் சிறுநீரக நோய்கள் பலவும் ‘பிறைற்றின் நோய்’ என்னும் ஒரு குடையின்கீழ் வைக்கப்பட்டன. வில்லியம் ஒஸ்லர் 1892 இல் முதன்முதல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலும் திடீரெனத் தோன்றும் வகையை ‘கடும் பிறைற்றின் நோய்’ என்றே வகுத்தது. ஒரு பெயர் பல நோய்களை மூடிநின்றமையால், குருதியோட்டக் குறைவு, நச்சுப் பொருள், அழற்சி என்னும் வெவ்வேறு காரணங்களைப் பிரித்தறியும் முயற்சி தாமதமுற்றது எனலாம்.

போர்களும் இடிபாடுகளும்

வரலாற்றின் அடுத்த கட்டத்தை நோக்கின், இந்நோயைப் பற்றிய தெளிவு போர்க்களங்களிலிருந்தே வந்தது என்பது வருத்தத்துக்குரிய உண்மையாகும். இயல்பான வாழ்க்கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தோன்றும் நோய், போர்க்காலத்தில் இளைஞரிடத்தும், முன்னர் நோயற்றிருந்தோரிடத்தும், ஒரே வகைக் காரணத்தால், குறுகிய காலத்திற் பெருந்தொகையாகத் தோன்றிற்று.

1940 செப்டெம்பர் தொடக்கம் இலண்டன் மாநகர் இரவுதோறும் குண்டுவீச்சுக்கு உள்ளாகியது. இடிந்த கட்டடங்களின் கீழ்ப் பல மணி நேரம் கைகால்கள் நசுங்குண்டு கிடந்து மீட்கப்பட்டோர், வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போது பெரிதும் நலமுடையோராகவே காணப்பட்டனர். பின்னர் நசுங்கிய உறுப்பு வீங்கியது, குருதியமுக்கம் தாழ்ந்தது. அது சீர்செய்யப்பட்டு ஆபத்து நீங்கியதென எண்ணப்பட்ட வேளையிற் சிறுநீர் குறைந்து கருநிறமுற்றது. குருதியில் யூரியா நாளுக்கு நாள் ஏறியது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் மரணம் நேர்ந்தது. ஹமர்சிமித் வைத்தியசாலையைச் சேர்ந்த எரிக் பைவாற்றர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்போர் இத்தகைய நால்வரின் வரலாற்றை 1941 மார்ச்சில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். நால்வரின் சிறுநீரகங்களிலும் நுண்குழாய்கள் சிதைவுற்றிருந்தன. அவற்றின் உள்ளே கபில நிறப் படிவுகள் அடைத்திருந்தன. சிதைந்த தசையிலிருந்து வெளிப்பட்ட நிறப்பொருளே அப்படிவுகளுக்குக் காரணமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. பேர்லினிற் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவரான மினாமி என்பார் 1923 இலேயே, முதலாம் உலகப் போரில் மண்ணிற் புதையுண்டு இறந்தோரின் சிறுநீரகங்களில் இதனையொத்த மாற்றங்களை விவரித்திருந்தார். எனினும் அவ்வறிவு பரவலாக நிலைக்கவில்லை. கண்டறிந்த உண்மையும் பொதுப்பெயரும் பொதுவரையறையும் பெறாதவிடத்து மறக்கப்படும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வறிக்கையின் பெறுமதி யாது? தசையில் ஏற்பட்ட காயம் தொலைவிலுள்ள சிறுநீரகத்தை ஊறுபடுத்தியது என்பது ஒன்று. காயத்துக்கும் செயலிழப்புக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது என்பது மற்றொன்று. அவ்விடைவெளியிலேயே நோயாளி நலமுடையவர்போற் தோன்றினார். பின்வந்த வரைவிலக்கண முயற்சிகள் யாவும் இவ்விடைவெளியை நோக்கிப் பின்னோக்கி நகர்வதற்கான முயற்சிகளே என நாம் கருதுகின்றோம்.

இதே காலத்தில் ஜேர்மானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த நெதர்லாந்தின் கம்பென் நகரில், வில்லெம் கொல்ஃப் என்பவர் உணவுத் தொழிலிற் பயன்பட்ட செலோபேன் குழாயை மர உருளையிற் சுற்றி, 1943 இற் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். நோயாளர் பலர் இறந்தபின், 1945 செப்டெம்பரில் 67 வயதான பெண்மணி ஒருவர் அதனால் உயிர் பிழைத்தார். குருதியைத் தற்காலிகமாகச் சுத்திகரித்து நோயாளியைக் காத்தால், ஊறுபட்ட சிறுநீரகம் தானே மீளக்கூடும் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. கொரியப் போரின்போது, 1952 இல், அமெரிக்க இராணுவம் போர்க்களத்துக்கு அணித்தான வைத்தியசாலையிற் செயற்கைச் சிறுநீரகத்தை நிறுவியது. இரண்டாம் உலகப் போரில் இந்நோயுற்ற காயப்பட்டோருட் பத்தில் ஒன்பது பேர்வரை இறந்தனர்; கொரியாவில் இவ்விகிதம் பெரிதும் குறைந்தது. ஆயினும் அங்கும் ஏறத்தாழ அரைவாசிப் பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ காக்க இயலவில்லை.

பெயர்களின் போராட்டம்

போர்க்கால அனுபவம் புதிய பெயர்களை வேண்டிநின்றது. 1946 இல் அமெரிக்க நோயியலாளர் லுக்கே, ஊறு சிறுநீரகத்தியின் கீழ்ப்பகுதியிலேயே நிகழ்கின்றதென எண்ணி, அவ்விடத்தைக் குறிக்கும் பெயரொன்றைச் சூட்டினார். ஆனால் 1951 இல் ஜீன் ஒலிவரும் அவர் துணைவரும் தனித்தனிச் சிறுநீரகத்திகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, சிதைவு அங்கங்கே திட்டுத்திட்டாய் அமைந்திருத்தலைக் கண்டனர். உடலமைப்பை ஆதாரமாகக் கொண்ட பெயர் நிலைக்கவில்லை. அதே 1951 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐவர்சன், புறூன் ஆகியோர் ஊசிமூலம் உயிருள்ளோரின் சிறுநீரக இழையத்தை எடுத்து ஆராயும் முறையை வெளியிட்டனர். இம்முறையால் ஆராய்ந்தபோது, நுணுக்குக்காட்டியிற் தோன்றும் சிதைவு பல வேளைகளிற் சொற்பமாயும், தொழில் வீழ்ச்சியோ முழுமையாயும் இருந்தமை புலனாயிற்று. எனவே இழையத்தின் தோற்றத்தைக் கொண்டு இந்நோயை வரையறுத்தல் இயலாதெனத் தெரிந்தது.

எஞ்சியது தொழிலைக் கொண்டு வரையறுக்கும் வழியே. உடற்றொழிலியல் அறிஞர் ஹோமர் சிமித் 1951 இல் வெளியிட்ட சிறுநீரகம் பற்றிய பெருநூலிற் காயங்களோடு தொடர்புடைய ‘திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு’ என்னும் தொடரைக் கையாண்டார். அத்தொடரே அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆட்சி செலுத்தியது. இதன் சிறப்பு, காரணம் எதுவாயினும் விளைவை நோக்கிப் பெயரிட்டமை. இதன் குறையும் அதுவே: செயலிழப்பு என்பது முடிவைக் குறிக்கும் சொல். வீடு எரிந்து வீழ்ந்தபின் வழங்கும் பெயரைக் கொண்டு, புகையெழும் வேளையில் எச்சரிக்கை செய்தல் எங்ஙனம்?

கிரியேற்றினினின் வருகை

யூரியாவின் அளவு உணவிலுள்ள புரதத்தாலும், குடலிற் குருதி கசிவதாலும், உடலில் நீர் குறைவதாலும் மாறுபடும். ஆதலின் அதனினும் நிலையான அளவுகோல் ஒன்று வேண்டப்பட்டது. அவ்விடத்தைப் பெற்றது கிரியேற்றினின். இது தசையிலிருந்து நாடோறும் ஏறத்தாழ ஒரே அளவாய் உண்டாகிச் சிறுநீரகத்தின் கலன்கோளங்களினூடாக வடிந்து வெளியேறும். 1886 இல் ஜேர்மானியரான மக்ஸ் யாபே, காரக் கரைசலிற் பிக்கிரிக் அமிலத்தோடு அது செம்மஞ்சள் நிறந் தருவதைக் கண்டார். 1904 இல் ஒற்றோ போலின் அந்நிறமாற்றத்தை அளவறி முறையாக்கினார். 1926 இல் டென்மார்க்கின் றேபேர்க், கிரியேற்றினினைக் கொண்டு கலன்கோள வடிதிறனை அளக்க முயன்றார். இவ்வாறு ஒரு நிறமாற்றம் படிப்படியாகச் சிறுநீரகத்தின் தொழிலளவையாக உயர்ந்தது.

ஆயினும் இவ்வளவுகோலின் இயல்பை நாம் நன்கு உணர்தல் வேண்டும். ஒரு தொட்டியில் நீர் விழும் வேகம் மாறாதிருக்க, வெளியேறும் துளை திடீரெனச் சுருங்கினால், நீர்மட்டம் உடனே உயர்வதில்லை. மெல்ல மெல்லவே உயரும். அதுபோலச் சிறுநீரகத்தின் வடிகட்டல் முழுமையாக நின்ற வேளையிலும், வளர்ந்த ஒருவரின் குருதியிற் கிரியேற்றினின் நாளொன்றுக்குப் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் அளவிலேயே ஏறும். காலையில் ஊறு நேர்ந்திருப்பின், அன்று மாலை எடுத்த குருதி அதனைக் காட்டாதிருக்கலாம். மேலும், தசை மெலிந்த முதியோரிடத்தும் ஈரல் நோயாளரிடத்தும் கிரியேற்றினின் உற்பத்தியே குறைவாதலின், எண் இயல்பாய்த் தோன்றும்போதே தொழில் வெகுவாக வீழ்ந்திருக்கக்கூடும். நாளத்தினூடாகப் பெருமளவு திரவம் ஏற்றப்பட்டவரிடத்து அது நீர்த்துப்போய்க் குறைவாகத் தோன்றும். சுருங்கக் கூறின், கிரியேற்றினின் ஊறின் அளவையன்று. ஊறின் விளைவாகிய தொழிற்குறைவு காலந் தாழ்த்தி விட்டுச்செல்லும் தடமேயாகும்.

எண்ணற்ற வரையறைகள்

போர் ஓய்ந்தபின் நோயின் களம் மாறியது. இடிபாடுகளினின்று மீண்டோரிடத்துக் காணப்பட்ட நோய், நகர வைத்தியசாலைகளின் விடுதிகளிற் குடிபுகுந்தது. பெரும் சத்திரசிகிச்சை, குருதியிற் கிருமி நஞ்சேறுதல், ஜென்ரமைசின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகள், எக்ஸ்-கதிர்ப் படத்துக்கெனச் செலுத்தப்படும் நிறஊட்டிகள் ஆகியன காரணங்களாயின. சிகிச்சையின் வளர்ச்சியே நோயின் ஒரு வாயிலாயிற்று. அமெரிக்க வைத்தியசாலையொன்றிற் தொடர்ச்சியாகச் சேர்க்கப்பட்டோரை ஆராய்ந்து 1983 இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர்களுள் 4.9 வீதத்தினருக்கு வைத்தியசாலையிலேயே சிறுநீரகத் தொழிற்குறைவு ஏற்பட்டதெனக் காட்டியது. 2002 இல் வெளிவந்த இதனையொத்த ஆய்வில் இவ்வீதம் 7.2 ஆயிற்று.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. இவ்வாறான எண்களை ஒப்பிடுவதற்கு வரையறை ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆனால் ஓர் ஆய்வாளர் கிரியேற்றினின் 0.5 மில்லிகிராம் ஏறினாலே நோய் என்றார். வேறொருவர் அது இருமடங்காதல் வேண்டும் என்றார். இன்னொருவர் செயற்கைச் சிறுநீரகம் தேவைப்பட்டோரை மட்டுமே எண்ணினார். நாளொன்றுக்கு 400 மில்லிலீற்றருக்குக் குறைந்த சிறுநீரைச் சிலர் அளவுகோலாகக் கொண்டனர். சிலர் சிறுநீரைக் கருத்திற்கொள்ளவேயில்லை. இவ்வாறு முப்பதுக்கும் மேற்பட்ட வரையறைகள் மருத்துவ இலக்கியத்தில் வழங்கின. விளைவு யாதெனின், நோயின் பரம்பலும் இறப்பு வீதமும் ஆய்வுக்கு ஆய்வு பன்மடங்கு வேறுபட்டன. ஒரு மருந்து பயனுடையதா என்னும் வினாவுக்கு விடை காண்பதும் அரிதாயிற்று.

பொது வரையறை உருவாதல்

இந்நிலையை மாற்றுதற்குப் பல நாட்டு நிபுணர் 2002 இல் இத்தாலியின் விசென்சா நகரிற் கூடி வகுத்த திட்டம் 2004 இல் வெளியாயிற்று. ஆபத்து, ஊறு, செயலிழப்பு, நீடித்த இழப்பு, இறுதிநிலை என்னும் ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து அதற்கு ‘றைபிள்’ எனப் பெயரிட்டனர். நோயாளியின் முன்னைய கிரியேற்றினின் அளவு ஒன்றரை மடங்காயின் ஆபத்து, இருமடங்காயின் ஊறு, மும்மடங்காயின் செயலிழப்பு. இதற்கு இணையாகச் சிறுநீரின் அளவும் நேரமும் எல்லைகளாக வகுக்கப்பட்டன. தனியொரு எண்ணைக் கடந்தால் நோய் என்பதை விடுத்து, அவரவர் முன்னைய நிலையினின்று எவ்வளவு விலகினார் என்பதை நோக்கியமையே இத்திட்டத்தின் சிறப்பாகும்.

இதனைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் மேலும் ஓர் உண்மையை உணர்த்தின. 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிற் கிரியேற்றினின் 0.5 மில்லிகிராம் ஏறியோரிடத்து, பிற காரணிகளைக் கணக்கிற்கொண்ட பின்னரும், மரணத்துக்கான வாய்ப்பு விகிதம் ஆறரை மடங்காயிருந்தது. இதயச் சத்திரசிகிச்சைக்குள்ளானோர் பற்றி 2004 இல் வெளியான ஆய்வும் சிறு மாற்றங்களின் பாரதூரத்தைச் சுட்டியது. முன்னர் மருத்துவர் பொருட்படுத்தாது விட்ட சிறு ஏற்றமே இங்கு மரணத்தோடு தொடர்புற்று நின்றது. 2005 இல் அம்ஸ்ரடாமிற் கூடி, 2007 இல் வெளியிட்ட திட்டத்தில் நிபுணர் 48 மணி நேரத்துள் நிகழும் 0.3 மில்லிகிராம் ஏற்றத்தையும் வரையறையுட் சேர்த்தனர். ‘செயலிழப்பு’ என்னும் சொல்லுக்குப் பதிலாக ‘ஊறு’ என்னும் சொல் இத்திட்டத்தில் நோய் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. சொல் மாறியதன் உட்பொருள் ஆழமானது: இறுதியைக் குறித்த பெயர் தொடக்கத்தைக் குறிக்கும் பெயராயிற்று.

இவ்விரு திட்டங்களையும் இணைத்து 2012 இல் ‘கேடிகோ’ எனப்படும் சர்வதேச அமைப்பு வெளியிட்ட வரைவிலக்கணமே இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. அதன்படி பின்வரும் மூன்றனுள் ஒன்று இருப்பின் திடீர்ச் சிறுநீரக ஊறு உண்டெனக் கொள்ளப்படும்: 48 மணி நேரத்துட் கிரியேற்றினின் டெசிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம், அதாவது லீற்றருக்கு 26.5 மைக்குரோமோல், அல்லது அதற்கு மேல் ஏறுதல். முந்திய ஏழு நாள்களுள் நிகழ்ந்ததென அறியப்பட்ட அல்லது ஊகிக்கப்பட்ட ஒன்றரை மடங்கு ஏற்றம். ஆறு மணி நேரம் தொடர்ந்து சிறுநீர், உடல் நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறைதல். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரிடத்து இது மணிக்கு 30 மில்லிலீற்றர். ஆறு மணி நேரத்தில் 180 மில்லிலீற்றர். கிரியேற்றினின் இருமடங்காயின் இரண்டாம் நிலை. மும்மடங்காயின், அல்லது குருதிச் சுத்திகரிப்புத் தொடங்கப்படின், மூன்றாம் நிலை.

வரையறையின் எல்லைகள்

இவ்வரைவிலக்கணம் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லைகளை உணராது கையாளுதல் தகாது. முதலாவது, ஏற்றம் என்பது எதனினின்று ஏற்றம்? நோயாளியின் முன்னைய கிரியேற்றினின் அளவு தெரியாதவிடத்து, அவரது சிறுநீரகம் இயல்பாயிருந்ததெனக் கொண்டு, வடிதிறன் நிமிடத்துக்கு 75 மில்லிலீற்றர் என்னும் எடுகோளிலிருந்து அதனைக் கணித்தல் பரிந்துரைக்கப்பட்டது. நல்ல சிறுநீரகமுடையோரிடத்து இது பொருந்தும். ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோய் மறைந்திருக்கும் சமூகத்தில் இவ்வெடுகோள் பிழைக்கும். இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களிடையே, காரணம் முற்றாகத் தெளிவுபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து அறியப்பட்டுள்ளது. அங்கிருந்து முதன்முறையாக வைத்தியசாலைக்கு வரும் ஒருவரது உயர்ந்த கிரியேற்றினின் நேற்று நேர்ந்த ஊறின் விளைவா, பல்லாண்டுத் தேய்வின் விளைவா என்பதை எடுகோளொன்று தீர்மானித்தல் இயலாது. பழைய பரிசோதனைத் தாளொன்று அவர் வீட்டில் இருப்பின், அது சிக்கலான கணிப்புகள் யாவற்றினும் மேலானது.

இரண்டாவது, வரையறை காரணத்தைக் கூறுவதில்லை. நீரிழப்பால் வந்ததும், அடைப்பால் வந்ததும், பாம்பின் விடத்தால் வந்ததும் அதன் கண்ணுக்கு ஒன்றே. எமது நாட்டில் வயலிற் பணிபுரிவோரிடத்து எலிக்காய்ச்சலும், புடையன் என வழங்கும் கண்ணாடி விரியனின் கடியும் இந்நோய்க்கு முக்கிய காரணங்களாம். 2008 இல் எலிக்காய்ச்சல் பெருகியபோது ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்ச் சந்தேகத்தின்பேரில் அறிவிக்கப்பட்டனர். இத்தகையோரிடத்துக் கிரியேற்றினினின் நிலையைக் குறித்தல் மட்டும் போதாது. காய்ச்சல் எப்போது தொடங்கியது, எவ்வயலில் இறங்கினார், என்ன மருந்து அருந்தினார் என வினவுதல் இன்றியமையாதது. நிலை, ஊறு எவ்வளவு என்று கூறும். வரலாறே ஏன் என்று கூறும்.

மூன்றாவது, வரையறையின் இரு சான்றுகளுட் பழையதாகிய சிறுநீரளவு பல விடுதிகளிற் புறக்கணிக்கப்படுகின்றது. குருதிச் சோதனை ஆய்வுகூடத்திலிருந்து அச்சிட்ட எண்ணாக வருகின்றது; சிறுநீரையோ ஒருவர் மணிதோறும் அளந்து குறித்தல் வேண்டும். அதற்குத் தாதியரின் நேரமும் பொறுமையும் வேண்டும். ஆனால் கிரியேற்றினின் ஏறுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்னரே சிறுநீர் குறைதலுண்டு. வசதி குறைந்த வைத்தியசாலையிலும் கிடைக்கக்கூடிய முன்னெச்சரிக்கை இதுவே. சத்திரசிகிச்சையின் பின்னர் வலியாலும் உடலின் இயல்பான எதிர்வினையாலும் சிறுநீர் தற்காலிகமாகக் குறைதலுண்டு என்பது மெய். ஆயினும் அதனை அளந்தபின் ஆராய்ந்து ஒதுக்குதல் வேறு. அளவாமலே விடுதல் வேறு.

எண்ணும் கவனமும்

அறிந்தும் அறியாமை எத்துணை விலை தரும் என்பதை 2009 இல் இங்கிலாந்தில் வெளியான தேசிய இரகசிய விசாரணை அறிக்கை காட்டியது. இந்நோயோடு இறந்தோரின் பதிவேடுகளை ஆராய்ந்த அவ்வறிக்கை, அரைவாசியளவினரே நற்கவனிப்புப் பெற்றனர் எனக் கண்டது; வைத்தியசாலையிற் சேர்ந்தபின் இந்நோயுற்றோருள் 43 வீதத்தினரிடத்து நோயை இனங்காண்பதில் ஏற்கத்தகாத தாமதம் இருந்ததெனவும் கூறியது. நீரேற்றம், குருதிச் சோதனை, மருந்துகளை மீள நோக்குதல் போன்ற எளிய கடமைகளிலேயே குறை காணப்பட்டது. இதன் பின்னர், 2014 இல் இங்கிலாந்தின் சுகாதார சேவை, ஆய்வுகூடக் கணினிகள் புதிய கிரியேற்றினினைப் பழைய அளவோடு தாமே ஒப்பிட்டு எச்சரிக்கை விடுக்க வேண்டுமெனப் பணித்தது.

எச்சரிக்கை மட்டும் உயிர் காக்குமா? அமெரிக்காவில் 2015 இலும் 2021 இலும் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள், கணினியின் எச்சரிக்கை தனித்துநின்று நோயாளரின் நிலையைச் சீராக்கவில்லை எனக் காட்டின. மணி ஒலித்தால் மட்டும் போதாது. ஒலி கேட்டு எழுந்து செய்யவேண்டியது யாதெனத் தெரிந்தவரும் வேண்டும். மறுபுறத்தில், கிரியேற்றினினுக்கு முன்னரே ஊறைக் காட்டும் புரதங்களைத் தேடும் முயற்சியும் நடைபெறுகின்றது. 2005 இல் வெளியான ஆய்வொன்று, இதயச் சத்திரசிகிச்சை பெற்ற 71 சிறுவரிடத்து, சிறுநீரிலுள்ள புரதமொன்று இரண்டு மணி நேரத்திலேயே பெருகுதலைக் காட்டியது. சிறுநீரின் இரு புரதங்களை அளக்கும் சோதனையொன்றுக்கு 2014 இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இவை பல நாடுகளில் இன்னும் விடுதிகளின் அன்றாட வழக்கமாகவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, திடீர்ச் சிறுநீரக ஊறின் வரைவிலக்கண வரலாறு காலத்தை முந்துவதற்கான நெடிய முயற்சி என்பது புலனாகும். முதலில் இறந்தோரின் சிதைந்த சிறுநீரகத்தைக் கண்டனர். பின்னர்ச் செயலிழந்து இறந்துகொண்டிருந்தோரைக் கண்டனர். அதன்பின் செயலிழக்கும் முன்னர் ஊறுபட்டோரைக் காண முயன்றனர். இரண்டு மடங்கு, ஒன்றரை மடங்கு, 0.3 மில்லிகிராம் என எல்லை சுருங்கிய ஒவ்வொரு வேளையும், அதுவரை நலமுடையோர் எனக் கருதப்பட்ட ஒரு தொகுதியினர் மருத்துவரின் பார்வைக்குள் வந்தனர். அவர்களுட் பலர் காக்கப்படக் கூடியோராயிருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் பாரம்.

வரைவிலக்கணம் நோயை உண்டாக்குவதுமில்லை, குணமாக்குவதுமில்லை. அது நோக்கவேண்டிய இடத்தைச் சுட்டுகின்றது; அவ்வளவே. கலெனின் காலத்திலிருந்து தொடரும் வினாக்கள் இன்றும் மாறவில்லை: நீர் உண்டாகின்றதா? உண்டாகி அடைபட்டுள்ளதா? நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு? எவ்வாய்வுகூடமுமின்றி, அளவுக்கோடுகள் பொறித்த பாத்திரமும் தாளும் எழுதுகோலும் கொண்டு இவற்றுக்கு விடை தேடத் தொடங்கலாம். நுட்பங் கூடிய சோதனைகளை எதிர்நோக்கியிருக்கும் வைத்தியசாலைகளும் இன்றே செய்யத்தக்கது அது.